ஷெட்டுக்கு எத்தனை அடிக் கதவு? செவ்வாய்ப்பேட்டை முதல் தாரமங்கலம் வரை

ராசிபுரம் தாலுகாவிலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருந்தார். நான்கு ஏக்கர் தோட்டம். குச்சிக்கிழங்கு, மஞ்சள், மாட்டுக்குக் கொஞ்சம் சோளம். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று, ரோட்டவேட்டர், கல்டிவேட்டர், டிரெய்லர். இவற்றை நிறுத்தவும், பழுது பார்க்கவும், ஒரு ஓரத்தில் மஞ்சள் மூட்டை அடுக்கவும் 30 அடிக்கு 40 அடியில் ஷெட் கட்டுகிறார்கள். பில்லர் எழும்பி நிற்கிறது. அடுத்து வாசலுக்கு மேலே லிண்டல் போட வேண்டும். அதற்குள் கதவை முடிவு செய்தாக வேண்டும்.

அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் 20 நாள் வெளியூர். “16 அடிக்கு 16 அடி ரோலிங் ஷட்டராப் போட்ரலாம், நாளைக்கு அறுவடை மெஷின் வாங்குனாலும் உள்ளே போவணும்” என்பது அவர் யோசனை. வாசகி எழுதியிருந்த கடைசி வரிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. “தினமும் காலையில் அதைத் தூக்கப் போவது நான்தாங்க. வீட்டில் 5 வயசுப் பையன் இருக்கான், எந்நேரமும் ஷெட்டிலேயேதான் விளையாடறான். கடன் வாங்கிக் கட்டுகிறோம். ஒரு தரம் போட்டால் மாத்த முடியாது. எந்தக் கதவு போடலாம்?”

கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது. பூச்சிக்கும் நோய்க்கும் பதில் எழுதிப் பழகிய எனக்கு, கதவைப் பற்றி எழுதும் முன் கதவுகளைப் போய்ப் பார்க்கத் தோன்றியது. சேலம், நாமக்கல் சமவெளியை இரண்டு நாள் சுற்றினேன். லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர், ரிக் வண்டி நிற்கிற ஊர், சேகோ பேக்டரி இருக்கிற ஊர், கோழித்தீவன கோடவுன் இருக்கிற ஊர் எல்லாம் 50, 60 கிலோமீட்டருக்குள் கிடக்கின்றன. பெரிய கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சீமை எங்கே இருக்கிறது?

பலகைக் கதவிலிருந்து ஷட்டர் வரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கினேன். லீ பஜார் பக்கம் மூட்டை இறக்கும் தெருக்களில் பழைய கடைகளுக்குப் பலகைக் கதவு இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். கீழே ஒரு பள்ளம், மேலே ஒரு பள்ளம். ஒவ்வொரு பலகைக்கும் எண் எழுதி, வரிசையாகச் செருகிப் பூட்டுவார்கள். பத்து பலகை என்றாலும் ஒரு பலகையின் எடையை மட்டும்தான் ஒரு நேரத்தில் தூக்க வேண்டும். வாசல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கையில் வருகிற பாரம் சிறியது. சின்னப் பையன்கூடக் கடை திறக்கலாம்.

அந்த இடத்தை இன்று ரோலிங் ஷட்டர் பிடித்துவிட்டது. ஷட்டருக்கு உள்ள பெரிய வசதி, அது பக்கத்திலும் இடம் கேட்காது, முன்னாலும் இடம் கேட்காது. தெருவை ஒட்டிய கடைக்கு அதைவிட நல்ல கதவு இல்லை. ஆனால் கடை ஷட்டர் பெரும்பாலும் 8 அடி, 10 அடி அகலம். மேலே உருளைக்குள் இருக்கிற ஸ்பிரிங் பாதி பாரத்தைத் தாங்குவதால் ஒரு ஆள் தள்ளினால் ஏறிவிடுகிறது. அளவு கூடும்போது கணக்கு மாறுகிறது.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில், 10 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஷட்டருக்குச் செயின் அல்லது கைப்பிடி சுற்றும் அமைப்பு தனி இனமாகவே இருக்கிறது. 10 சதுர மீட்டர் என்பது சுமார் 108 சதுர அடி. அதாவது 10 அடிக்கு 10 அடி வரை கையால் தள்ளலாம். அதற்கு மேல் போனால் செயினைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது மோட்டார் வைக்க வேண்டும். வாசகி வீட்டில் பேசுகிற 16-க்கு 16 என்பது 256 சதுர அடி. கைத்தள்ளு எல்லையைப்போல இரண்டரை மடங்கு. தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, நடுவில் மண்வெட்டி எடுக்க ஒரு முறை அந்தச் செயினை இழுத்துக்கொண்டு நிற்பது யார் என்பதைக் கட்டும்போதே கேட்க வேண்டும்.

மோட்டார் வைத்தால்? வைக்கலாம். ஆனால் கிணற்று மோட்டாருக்கு வாங்கிய இலவச மின் இணைப்பில் ஷெட் விளக்கையும் ஷட்டர் மோட்டாரையும் ஓட்டக்கூடாது. கட்டும் காலத்தில் வெல்டிங் இயந்திரம் ஓட்டவும் கூடாது. மின்வாரியத்தில் தனி இணைப்புக் கேட்க வேண்டும். மின்தடை நேரத்தில் இழுக்க எப்படியும் செயின் வேண்டும்.

இன்னொன்று. ஷட்டரின் பட்டை ஒன்றில் டிரெய்லர் முனை இடித்து நெளிந்தால், அது பக்கத்து வழிகாட்டிச் சேனலில் ஏறாது. முழுக் கதவும் நின்றுவிடும். டவுனில் ஆள் பக்கத்தில் இருப்பார். தோட்டத்துக்கு அவர் வருவதற்குள் உள்ளே மாட்டிய டிராக்டர் இரண்டு நாள் நிற்கும். உழவுக்கு ஈரம் காத்திருக்காது.

சேகோ பேக்டரி வாசலில்

மல்லூர் தாண்டி ஆண்டகளூர் கேட் வழியாக ராசிபுரம் போனேன். ஊர்ப்பெயரிலேயே கேட் இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் அடர்த்தி. சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு மூட்டை போவது பெரும்பாலும் இந்த ஆலைகளிலிருந்துதான். கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் இடம் என்பதால் இங்கே கதவுகளுக்கு ஓய்வில்லை.

இங்கே இரண்டு வகைத் தள்ளு கதவுகளைப் பார்த்தேன். ஒன்று, கீழே ஆங்கிள் பட்டையைக் கவிழ்த்துப் பதித்து, அதன்மேல் பள்ளம் வெட்டிய சக்கரம் உருளுவது. நம் ஊர் காம்பவுண்டு கேட் முக்கால்வாசி இந்த வகைதான். மலிவு, எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். ஆனால் கிழங்குத் தோலும் செம்மண்ணும் கலந்த சேறு பட்டையை மூடிக்கொள்கிறது. பாரம் ஏற்றிய டிரெய்லர் சக்கரம் தினமும் ஏறி இறங்கப் பட்டை நசுங்குகிறது. ஒரு ஆலையில் இரண்டு பேர் கடப்பாரை வைத்து நெம்பிக் கதவை நகர்த்தியதைப் பார்த்தேன். ஒருவர் சொன்னார்: “போட்ட புதுசுல ஒத்தக் கையில போச்சுங்க சார். இப்ப மழை பேஞ்சா ரெண்டாளு வேணும்.”

மற்றொன்று, மேலே தொங்கும் வகை. வாசலுக்கு மேலே பெட்டி வடிவ டிராக் ஒன்றை லிண்டலில் முடுக்கி, பேரிங் வைத்த சக்கரங்களில் கதவைத் தொங்க விடுவது. கீழே பாரம் கிடையாது. கதவு ஆடாமல் இருக்க ஒரு சின்ன வழிகாட்டி மட்டும். வாசல் தரை வழவழவென்று காலியாக இருக்கும். சேறு படிந்தால் விளக்குமாறு போதும். கோழித்தீவன கோடவுன்களில் இதைத்தான் அதிகம் கண்டேன். நம் தோட்டத்து ஷெட்டுக்கும் எனக்கு இதுவே பிடிக்கிறது. என்ன, கதவு ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் சுவர் வேண்டும். ஒற்றைக் கதவானால் ஒரு பக்கம் முழு அகலம். இரட்டையாகப் பிரித்தால் இரு பக்கமும் பாதிப் பாதி.

தள்ளு கதவில் ஒரு ஆபத்து இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கடிதத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. கேட் சரிந்து விழுந்து சிறுபிள்ளை இறந்த செய்தி வருடத்துக்குச் சில முறையாவது நாளிதழில் வருகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கடைசியில் நிறுத்துகிற ஸ்டாப்பர் இருக்காது, அல்லது துருப்பிடித்து உடைந்திருக்கும். வேகமாகத் தள்ளிய கதவு டிராக்கைத் தாண்டி ஓடி, பிடிமானம் இழந்து, ஆளின்மேல் சாய்கிறது. பிள்ளைகளுக்குத் தள்ளு கதவு ரயில் மாதிரி. ஏறி நின்று ஓட்டத்தான் பார்ப்பார்கள்.

ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படி விழுந்த கதவு ஒன்றை எனக்குக் காட்டினார்கள். கோடைமழைக் காற்றில் மேல் வழிகாட்டியிலிருந்து கழன்று டிராக்டர் மூக்கின்மேல் விழுந்திருக்கிறது. பானட் அமுங்கியதோடு போயிற்று. அதே இடத்தில்தான் வீட்டுப் பெரியவர் கட்டில் போட்டுப் படுப்பாராம். அன்று மழை வருகிறதென்று எழுந்து களத்தில் காய்ந்த கடலையை மூடப் போயிருந்தார். அந்தக் கதவை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரும்பிலும் வெல்டிங்கிலும் குறை இல்லை. டிராக்கின் இரு முனையிலும் இருக்க வேண்டிய ஸ்டாப்பர்தான் இல்லை.

ஆகவே தள்ளு கதவுக்கு டிராக்கின் இரு முனையிலும் ஸ்டாப்பர் வேண்டும். ஒற்றை நட்டில் நிற்கக்கூடாது, வெல்டிங் வைத்து அதற்கு மேல் போல்ட்டும் போட வேண்டும். சக்கரம் உடைந்தாலும் கதவு கீழே விழாதபடி டிராக்குக்குள் மாட்டி நிற்கிற கொக்கி வேண்டும். கீழ் வழிகாட்டி, கதவு முழுதாகத் திறந்திருக்கும்போதும் முழுதாக மூடியிருக்கும்போதும் கதவைப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் பிடிக்கிற வழிகாட்டி பயனில்லை. பட்டறையில் கதவை வாங்கும் நாளில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காற்றின் எடை

நாமக்கல்லுக்கு மதியம் போய்ச் சேர்ந்தேன். கோட்டைப் பாறையின் கீழே 18 அடி ஆஞ்சநேயர், தலைக்குமேல் கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். ஊரைச் சுற்றி லாரி பாடி கட்டும் பட்டறைகள். இரும்பை வளைத்துக் கதவாக்குவதில் இந்த ஊர் ஆட்களுக்கு இணை சொல்வது கடினம். ஓடுகிற வண்டியில், குலுங்குகிற சாலையில், காற்றை எதிர்த்து மூடியே இருக்க வேண்டிய கதவுகள் இவர்கள் செய்பவை.

இங்கே ஒரு பட்டறைக்காரரோடு காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நாம் கதவின் எடையைத்தான் யோசிக்கிறோம்; காற்று கொடுக்கிற எடையை யோசிப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ அழுத்தும். வேகம் 100 ஆனால் அது 47 கிலோ. வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் கணக்கு இது. 16-க்கு 16 அடிக் கதவு சுமார் 24 சதுர மீட்டர். 100 கிலோமீட்டர் சூறைக்காற்றில் அதன்மேல் 1,100 கிலோவுக்கு மேல் பாரம். 12-க்கு 10 அடிக் கதவானால் 11 சதுர மீட்டர். பாரம் 520 கிலோ அளவில் நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் ஒரே மாலையில் வாழைத்தோட்டம் படுத்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை நம்பச் சிரமம் இருக்காது.

கதவு போனால் கதவோடு போவதில்லை. காற்றுச்சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பகுதி 3-ல் ஒரு கணக்கு உண்டு. சுவர்ப் பரப்பில் திறப்பு 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் உள்ளே சேரும் காற்றழுத்தத்துக்கு 0.2 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் திறந்திருந்தால் 0.7. மூன்றரை மடங்கு. அதாவது புயற்காற்றில் பெரிய கதவு பிய்ந்தாலோ, திறந்தே கிடந்தாலோ, உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. மேலே ஓடுகிற காற்றும் தூக்குகிறது. கலர் ஷீட் கூரை பறப்பது இப்படித்தான். ஷெட்டின் கூரையைப் பிடித்து வைத்திருப்பதில் கதவுக்கும் பங்கு உண்டு என்று இன்ஜினியர்கள் சொல்வதன் பொருள் இது. இடி மின்னல் தெரிந்தவுடன் ஒரு ஆள் ஓடிப்போய் ஒரு நிமிடத்தில் மூட முடிகிற கதவாக அது இருக்க வேண்டும். பெரிய ஷட்டரின் செயினை அந்த நேரத்தில் இழுத்துப் பாருங்கள்.

அந்தப் பட்டறையில் நான் ரசித்தது கன்டெய்னர் பாடியின் கதவு. இரண்டு இலை, வெளிப்பக்கம் திறக்கும். இலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி. நடுவில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் கம்பியின் இரு முனையும் சட்டத்தில் உள்ள கொக்கியில் கவ்விக்கொள்ளும். மேல் தாழ்ப்பாளுக்கு ஏணி தேட வேண்டாம், கீழ் தாழ்ப்பாளுக்குக் குனிய வேண்டாம். “இதைய ஷெட்டுக் கதவுல வெக்கலாமுங்களா?” என்று கேட்டேன். “தாராளமா வெக்கலாமுங்க சார், ஆருங் கேக்கறதில்லீங்க, அதனால நாங்களுஞ் சொல்றதில்லீங்க” என்றார்.

கீல் வைத்துத் திறக்கும் இரட்டைக் கதவு போட நினைப்பவர்களுக்கு இந்தப் பூட்டு அருமையானது. அந்த வகைக் கதவுக்கு வேறு இரண்டு விஷயமும் கவனிக்க வேண்டும். கதவு திறக்க முன்னால் இலையின் அகலத்துக்குத் தரை காலியாக இருக்க வேண்டும். மண் மேடு தட்டக்கூடாது. திறந்த இலையைச் சுவரோடு மாட்டி வைக்கக் கொக்கி வேண்டும். இல்லாவிட்டால் ஆடிக்காற்று அதைத் திருப்பி அடிக்கும், நடுவில் யார் நின்றாலும் ஆபத்து. நாளாக ஆக நுனிப்பக்கம் தொங்காமலிருக்கக் குறுக்கே ஒரு சாய்வுப் பைப் வைப்பார்கள். அது கீல் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து நுனிப்பக்கத்து மேல் மூலைக்குப் போனால் நுனியின் பாரத்தைக் கீல் அடிக்குத் தள்ளிவிடும்.

எந்தத் திசை பார்க்க

ஷெட் வாசல் எந்தத் திசை என்று பலரும் ஜோசியரைக் கேட்கிறார்கள். கேட்கட்டும். கூடவே காற்றையும் கேட்பது நல்லது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குச் சீமை முழுக்க அடித்துத் தூசி கொண்டுவரும். மாலை வெயிலும் மேற்கிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரல் கிழக்கும் வடகிழக்கும். ஆக, இடம் இருந்தால் பெரிய வாசலைத் தெற்கே வைத்துக்கொள்வதைத்தான் நான் சொல்வேன். கிழக்குதான் அமைகிறது என்றால் வாசலுக்கு மேலே நான்கடிச் சாய்ப்பு இறக்கிவிடுங்கள். மேற்கு மட்டும் வேண்டாம்.

வாசலுக்கு வெளியே தரை வெளிப்பக்கம் சரிய வேண்டும். உள்தரை இரண்டு மூன்று அங்குலம் உயரம், ஆனால் படி இல்லாமல் சாய்தளமாக. தள்ளுவண்டியும் மோட்டார் வண்டியும் ஏற வேண்டுமே.

திருச்செங்கோட்டில் அளவு

அகலத்தைப் பற்றிய பாடத்தைத் திருச்செங்கோட்டில் கற்றுக்கொள்ளலாம். நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடப் போகிற ரிக் வண்டிகளின் ஊர் இது. அந்த வண்டிகள் நுழைகிற வாசல்களைப் பார்த்தால் தூணில் உராய்ந்த தழும்பு தெரியும். ஓட்டுநர்கள் சொல்வது ஒன்றே: வாசல் அகலத்தைவிட வாசலுக்கு முன் வண்டி திரும்ப இடம் முக்கியம். நேராக வந்து நுழைந்தால் 12 அடி தாராளம். ரோட்டிலிருந்து உடனே ஒடித்துத் திரும்பி நுழைய வேண்டுமென்றால் 16 அடியிலும் தூணை இடிப்பார்கள். வாசலின் இரு பக்கமும் இரும்புக் குழாயில் கான்கிரீட் நிரப்பி மூன்றடி உயரத்துக்கு முட்டுத்தூண் நட்டு வைத்திருந்தார்கள் ஒரு இடத்தில். டிரெய்லர் அச்சு இடித்தாலும் அந்தத் தூணில்தான் இடிக்கும். கதவுச் சட்டம் தப்பிக்கும். செலவு கொஞ்சம், லாபம் நிறைய.

மோட்டார் வாகன விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது எட்டரை அடி. உயர வரம்பு சரக்கு வண்டிக்கு 4 மீட்டர், 13 அடிக்குக் கொஞ்சம் மேல். ஷெட்டுக்குள் லாரியே வந்து மூட்டை ஏற்றும் என்றால் 12 அடி அகலம், 14 அடி உயரம் வேண்டும். லாரி வெளியே நின்றால் போதும் என்றால் டிராக்டரை அளந்தால் போதும். 45, 50 குதிரைத்திறன் டிராக்டர் மேற்கூரையோடு எட்டு, எட்டரை அடி உயரம். ஆறடி ரோட்டவேட்டர் மாட்டினால் மொத்த அகலம் ஏழடிக்குள். இருபக்கமும் இரண்டிரண்டு அடி விட்டால் 11 அடி. அதை 12 என்று வைத்துக்கொள்வோம். உயரம் 10 அடி.

அறுவடை இயந்திரம்? நான்கு ஏக்கருக்கு அதை வாங்குவதில்லை, வாடகைக்குக் கூப்பிடுகிறோம். கூப்பிட்ட இயந்திரம் இரவு நம் ஷெட்டில் படுக்காது. வாடகை இயந்திர மையம் தொடங்கும் திட்டம் உண்மையிலேயே இருந்தால் அது வேறு கட்டடம், வேறு கணக்கு. அதற்கு 2020-ல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, கிடங்குக்கும் உண்டு. அப்படிப் போடுபவர்கள் மதிப்பீட்டுத் தாளில் கதவையும் டிராக்கையும் முட்டுத்தூணையும் சேர்த்தே எழுத வேண்டும். பலர் கூரை வரைக்கும் எழுதிவிட்டுக் கதவுக்குக் கைமாற்று வாங்குகிறார்கள்.

திட்டிவாசல்

சங்ககிரி போய், தாரமங்கலம் வழியாகச் சேலம் திரும்பினேன். சங்ககிரி மலைக்கோட்டையில் ஏற ஏற வாயில் மேல் வாயிலாக வருகிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கோபுர வாசலின் பெரிய மரக்கதவு முன் நின்றால், தினமும் இதைத் தள்ளித் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றும். கோட்டையிலும் பெரிய கோயிலிலும் நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. திட்டிவாசல் என்பார்கள். தேர், யானைக்குத்தான் பெரிய கதவு. மனிதர் போக வரத் திட்டிவாசல்.

தோட்டத்து ஷெட்டில் பத்துக்கு எட்டுத் தடவை நாம் உள்ளே போவது டிராக்டருக்காக அல்ல. ஸ்பானருக்கு, மண்வெட்டிக்கு, மருந்து தெளிப்பானுக்கு, சாக்குக்கு. அதற்காக 120 சதுர அடிக் கதவை நகர்த்துவது வீண். பெரிய கதவுக்குள்ளேயே சின்னக் கதவு வெட்டினால் அழகு. ஆனால் சட்டம் வலுவிழக்கும், வாசல்படி காலில் தட்டும். பக்கச் சுவரில் மூன்றடிக்கு ஏழடித் தனிக் கதவு ஒன்று வைப்பதே மேல். வெளியே போக இரண்டாவது வழியாகவும் ஆயிற்று. டீசலும் காய்ந்த சாக்கும் ஒன்றாகக் கிடக்கிற இடத்தில் தீப்பிடித்தால் ஒரே வாசலை நம்பக்கூடாது. மூடிய ஷெட்டுக்குள் டிராக்டர் இன்ஜினை ஓடவிட்டுப் பழுது பார்க்கவும் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இப்போது வாசகிக்கு. உங்கள் ஷெட் முகப்பு 30 அடி. அதில் நடுவில் 12 அடி அகலம், 10 அடி உயரத்துக்கு வாசல். இரண்டு இலை, ஒவ்வொன்றும் ஆறடி, மேலே தொங்கும் தள்ளு கதவு. இரு பக்கமும் ஒன்பதடி சுவர் மிஞ்சுகிறது. ஆறடி இலை தாராளமாக ஒதுங்கும். இரண்டு அங்குலச் சதுரப் பைப்பில் சட்டம் அடித்து அரை மில்லிமீட்டர் கலர் ஷீட் போர்த்தினால் ஒரு இலை 75, 80 கிலோ வரும். பேரிங் நன்றாக இருந்தால் தொங்குகிற 80 கிலோவை ஒரு கையால் தள்ளலாம். அதே சட்டத்துக்கு 16 கேஜ் தகடு அடித்தால் 120 கிலோ. சிலர் கனம்தான் பலம் என்று தகடு அடிப்பார்கள். கனத்தில் பாதி பேரிங்கைத் தின்பதற்குத்தான் போகும். பலம் சட்டத்தில் இருக்கட்டும்.

பக்கச் சுவரில் சின்னக் கதவும் வைத்துவிடுங்கள். பெரிய கதவின் பூட்டை உள்பக்கம் போட்டுக்கொண்டு, சின்னக் கதவு வழியே வெளியே வந்து அதை மட்டும் வெளியில் பூட்டலாம். பையன் தனியாக இருக்கும் நேரத்தில் பெரிய கதவு அவன் கைக்கு அசையாது.

தள்ளு கதவின் கீழே அரை அங்குல இடைவெளி இருக்கத்தான் செய்யும். சுண்டெலி நுழைய கால் அங்குலம் போதும். ரப்பர் பட்டை அடித்தால் கடித்துவிடும். பெரிய கதவு எலியையும் தடுக்க வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் மூட்டைக்கு உள்ளேயே ஒரு மூலையில் 10-க்கு 12 அடி அறை தடுத்து, அதற்குக் கீல் வைத்த, இடைவெளி இல்லாத இரும்புக் கதவு போடுங்கள். அதே அறையில் பொட்டாஷ் மூட்டையை வைக்காதீர்கள். பொட்டாஷின் உப்பு காற்று ஈரத்தை இழுத்து, பக்கத்தில் உள்ள இரும்பை அரித்துவிடும். கோழி எருவும் அப்படித்தான். கதவோரம் குவித்தால் கலர் ஷீட்டின் அடிப்பகுதி இரண்டு மூன்று மழைக்குள் பொரியும்.

விலையை நான் எழுதவில்லை. இரும்பு விலை மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. பேசும் விதத்தைச் சொல்கிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் பைப்பின் கனம் குறைந்துவிடும். பைப் எத்தனை மில்லிமீட்டர், ஷீட் எத்தனை மில்லிமீட்டர், ரெட் ஆக்ஸைடு எத்தனை பூச்சு, சக்கரத்துக்கு என்ன பேரிங் என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, செய்து முடித்தபின் எடை போட்டுக் கிலோ கணக்கில் பணம் கொடுங்கள். இரண்டு பட்டறையில் ஒரே தாளைக் காட்டி விலை கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. டிராக்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை லிண்டல் கம்பி கட்டும்போதே உள்ளே வைத்துக் கான்கிரீட் போட வேண்டும். இரண்டு இலையும் ஒதுங்கும் தூரம் சேர்த்து டிராக் 24 அடி நீளம் வரும். வாசலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டால் மிச்சம் 12 அடி டிராக் வெறும் செங்கல்லில் தொங்கும். ஆகவே லிண்டலை முகப்பு முழுக்க ஒரே பெல்ட்டாக ஓட்டச் சொல்லுங்கள். பட்டறைக்காரரைக் கம்பி கட்டும் நாளிலேயே வரச்சொல்லி, மூன்றடிக்கு ஒரு போல்ட் என்று கொத்தனாரோடு சேர்ந்து குறி வைக்கட்டும். பெட்டியின் அளவு தெரியாமல் கொத்தனார் மட்டும் வைத்தால் ஒரு அங்குலம் முன்னே பின்னே போய்விடும்.